கத்திரி வெயிலில் பிராசஸர்

கணினியின் மூளையான பிராசஸரைக் குளிர்விக்க அதன் மேல் பொருத்தும் கூலரை வாங்கும் முன் சோதனை வீடியோ பார்க்காதவர்கள் இன்று குறைவு. 'முழு வேலையில் 70 டிகிரிதான்' என்று அதில் சொல்வார்கள். சரி, அவர்கள் அறையில் எத்தனை டிகிரி? ஏசி போட்டு 22 என்று வைத்துக்கொள்வோம். திருத்தணி, பள்ளிப்பட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி என்று இந்த வட்டாரம் முழுக்கக் கத்திரியில் வெளியே 40ஐத் தாண்டும். வீட்டுக்குள்ளேயே 37 இருக்கும். இடையிலுள்ள 15 டிகிரியும் கிட்டத்தட்ட அப்படியே பிராசஸர் மேல் ஏறிவிடும். அதே கூலர் இங்கே 85 காட்டினால் அதைக் குறை சொல்ல முடியாது.

பிராசஸர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதை வாங்கி அறைக் காற்றிடம் ஒப்படைப்பது மட்டுமே கூலரின் வேலை. சுடுசோற்றை எவ்வளவு விசிறினாலும் அறைச் சூட்டுக்குக் கீழே ஆறாது; இதுவும் அப்படித்தான். ஒரு கூலர் வாட்டுக்கு 0.35 டிகிரி ஏறவிடுகிறது என்றால், 117 வாட்டுக்கு 41 டிகிரி. கேபினட்டுக்குள், அதாவது கணினிப் பெட்டிக்குள், காற்று 40 டிகிரியில் இருந்தால் பிராசஸர் 81இல் நிற்கும். தண்ணீர் கூலர் இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தத் தண்ணீரும் சுற்றி வந்து ரேடியேட்டரில் இதே அறைக் காற்றிடம்தான் சூட்டை இறக்குகிறது.

117 வாட்டைச் சும்மா சொல்லவில்லை. இன்டெல் ஐ5-12400 பிராசஸருக்கு அடிப்படை 65 வாட் என்று போட்டிருந்தாலும், வேலை கூடும்போது தானாக வேகமெடுக்கும் டர்போவில் அது 117 வரை போகலாம். எனவே கூலர் தேர்வுக்கு இந்தப் பெரிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பில் போடும் கடைக்கு பிராசஸரோடு வரும் கூலரே போதும். கல்யாண வீடியோவை மணிக்கணக்கில் ரெண்டர் செய்யும் ஸ்டுடியோ என்றால் 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த டவர் கூலர் வேண்டும். அதன் செம்புக் குழாய்கள் கெட்டிக் கம்பிகள் அல்ல. உள்ளே குறைந்த அழுத்தத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. அது சூடான முனையில் ஆவியாகி, தகடுகள் இருக்கும் முனையில் குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சு வழியாகத் திரும்பி வருகிறது. மோட்டார் இல்லாமலேயே இத்தனையும் நடக்கிறது.

அப்புறம் விசிறி வேகம். கணினி தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 தட்டி பயாஸ் எனும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போனால், இத்தனை டிகிரிக்கு இத்தனை சதவீத வேகம் என்று ஒரு கோடு இருக்கும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றும் இரட்டிப்பாகும். ஆனால் விசிறிக்கு வேண்டிய மின்சாரம் எட்டு மடங்காகும், இரைச்சல் சுமார் 15 டெசிபல் கூடும். குளிர்ச்சி அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கடைசி முப்பது சதவீத வேகத்தில் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே பெரிய விஷயம்.

வேகத்தை 50 டிகிரியிலிருந்தே ஏற்றும்படி கோடு இருந்தால், மே மாதத்தில் சும்மா இருக்கும் கணினியே அந்த எல்லையில் நின்று விசிறியை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். நான் 55 வரை 40 சதவீதம், 75இல் 70, 85இல் முழு வேகம் என்று வைப்பேன். பிரவுசரைத் திறந்தாலே பிராசஸர் சூடு நொடியில் துள்ளும். கூலரின் உலோகம் சூடேற நேரமாகும். அதனால் விசிறி மூன்று, நான்கு நொடி தாமதித்து வேகமெடுப்பதில் நட்டமில்லை. நான்கு முனை விசிறிக்குப் பிடபிள்யூஎம் (துடிப்புச் சைகையால் வேகத்தை மாற்றும் முறை), மூன்று முனைக்கு டிசி (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) என்று பயாஸில் அமைக்க வேண்டும். மூன்று முனை விசிறியைப் பிடபிள்யூஎம்மில் விட்டால் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும்.

விசைத்தறி ஓடும் தெருவில் வேறொரு தொல்லை. நூலிலிருந்து பறக்கும் பஞ்சு, விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே படிந்து காற்று வழியை அடைத்துவிடும். விசிறி அலறும், சூடு இறங்காது. பக்க மூடியைக் கழற்றி டேபிள் ஃபேன் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்குச் சூடு குறையும், பஞ்சு இரண்டு மடங்கு உள்ளே போகும். முன்பக்கம் வலை போட்டு, வெளியேற்றும் காற்றைவிட உள்ளே இழுக்கும் காற்று கூடுதலாக இருக்கும்படி விசிறிகளை வைத்தால், இடுக்குகளில் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது.

ஆனால் பத்து நிமிடச் சோதனைக்கு மூடியைக் கழற்றலாம். பத்து டிகிரி போல இறங்கினால் கேபினட் காற்றோட்டத்தில் கோளாறு. இரண்டு மூன்று மட்டுமே இறங்கினால் கூலரில் அடைத்த பஞ்சையும் பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். ப்ளோயர் அடிக்கும்போது மட்டும் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறான வேகத்தில் சுழலவிட்டால் அதன் பேரிங் கெட்டுவிடும்.