துபாய்க்குக் கருப்பட்டி அனுப்புகிறவர்களும் கொழும்புக்கு வெங்காயம் அனுப்புகிறவர்களும் கவனிக்க

ஏற்றுமதிக் காகிதங்கள் பார்ப்பதுதான் என் தொழில். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சரக்குகளுக்கு இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம்), சான்றிதழ் எல்லாம் தயார் செய்து கொடுக்கிறேன். உடன்குடிக் கருப்பட்டி, பத்தமடைப் பாய், நிலாவாரை இலை என்று வருகிறவர்களில் பாதிப்பேர் சிறு வியாபாரிகள். பிற நாடுகளோடு அரசு போடுகிற ஒப்பந்தங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது டெல்லிக்காரங்க விஷயம், நமக்கெதுக்கு அண்ணாச்சி" என்பார்கள். அப்படிச் சொல்லி கைக்காசை விடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஐக்கிய அரபு அமீரகத்தோடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான பொருட்களுக்கு இறக்குமதி வரி 5 சதவீதம். ஒப்பந்தப் பட்டியலில் உள்ள நம் பொருட்களுக்கு அது இல்லை, சிலவற்றுக்குப் படிப்படியாகக் குறைகிறது. இந்தியாவில் கப்பல் ஏறிவிட்டாலே சலுகை தானாகக் கிடைத்துவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கிடைக்காது. சரக்கு இந்த மண்ணில் உண்டானதுதான் என்று காட்டும் தோற்றச் சான்றிதழ் கூடப் போக வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. சாதாரணச் சான்றிதழ் ஒன்று, வரிச்சலுகைக்கான சான்றிதழ் இன்னொன்று. சீக்கிரம் கிடைக்கிறதே என்று சாதாரணச் சான்றிதழை வாங்கி அனுப்பிவிட்டு, அங்கே முழு வரி போட்டபிறகு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பத்து லட்ச ரூபாய்ச் சரக்கில் ஐம்பதாயிரம் போகிறது. வரி கட்டுவது வாங்குகிறவர்தானே என்று கேட்பீர்கள். சரி, அடுத்த ஆர்டரில் அவர் விலையைக் குறைத்துக் கேட்பார், நீங்கள் உடன்குடியில் வந்து கருப்பட்டி விலையைக் குறைப்பீர்கள், கடைசியில் அது பனையேறுகிறவர் கூலியில்தான் விடியும். எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

பொருள் எந்த வகை என்று சுங்கத்துக்குக் காட்டும் எச்.எஸ்.என் எண்ணும் முக்கியம். கரும்பு வெல்லம் 1701-இல் வரும், கருப்பட்டி 1702-இல் வரும். இரண்டுக்கும் இங்கிலீஷில் ஒரே பேர்தானே என்று கரும்பு வெல்லத்தின் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். சலுகை உண்டா, எவ்வளவு என்று பார்ப்பதே அந்த எண்ணை வைத்துத்தான். பத்தமடைக் கோரையும் பனங்கருப்பட்டியும் முழுக்க இங்கேயே விளைகிறவை என்பதால் வேலை சுலபம். ஆப்பிரிக்காவில் இருந்து வந்த முந்திரிக் கொட்டையை இங்கே உடைத்துப் பருப்பாக்கி அனுப்புகிறவர்களுக்குக் கணக்கே வேறு. இங்கே எவ்வளவு மதிப்புக் கூடியது என்பதை அந்தந்த ஒப்பந்த விதியோடு ஒத்துப் பார்த்துக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும்.

வெங்காயக்காரர்களுக்கு வேறு பாடம். 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி, டிசம்பர் 8 அன்று மொத்தமாகத் தடை. உள்நாட்டில் விலை ஏறினால் வெளிநாட்டு வியாபாரம் இரண்டாம்பட்சம், எந்த அரசுக்கும் அப்படித்தான். ஆனால் அந்தத் தடைக்குள்ளேயே இலங்கை, வங்கதேசம், பூட்டான், மொரீஷியஸ், பஹ்ரைன், அமீரகம் ஆகிய ஆறு நாடுகளுக்கு 99,150 டன் அனுப்ப அனுமதி தந்தார்கள். அண்டை நாட்டையும் வேண்டிய நாட்டையும் கைவிடக் கூடாது என்ற கணக்கு. அந்தச் சரக்கு அரசு கைகாட்டிய கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் வழியாகப் போனது, கொழும்புக்கு வழக்கமாக அனுப்பும் நம் ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2024 மே மாதம்தான் தடை போனது. இம்மாதிரித் தடை வரும்போது, அறிவிப்புக்கு முன்பே சுங்கத்திடம் ஒப்படைத்துப் பதிவான சரக்கை விடச் சொல்லி அந்த அறிவிப்பிலேயே பெரும்பாலும் ஒரு பத்தி இருக்கும். அதனால் சரக்கு குடோனில் கிடக்கிறது என்பது கணக்கில் வராது, சுங்கக் கணினியில் எந்தத் தேதியில் ஏறியது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அமெரிக்காவுக்கு இறால் அனுப்பும் தூத்துக்குடிக்காரர்கள் 2025 ஆகஸ்ட் 27 அன்று பட்டதைச் சொல்லவே வேண்டாம். அன்று விழுந்தது 50 சதவீத வரி, அதில் பாதி இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்காக. எண்ணெய்க்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்!

ஆகவே ஆர்டர் பேசும்போதே, இடையில் வரியோ தடையோ வந்தால் யார் தலையில் விழும் என்று ஒரு வாக்கியம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர், நம்ம ஊர்க்காரர் என்று வாட்ஸ்அப்பில் வாய்ப்பேச்சாக விடாதீர்கள். முன்பணம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் தளத்தில் வரும் அறிவிப்புகளைச் சரக்கு ஏற்றுகிற வாரமாவது பாருங்கள், இல்லையென்றால் உங்கள் ஏஜெண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவருக்கு அரசு தரும் ஐ.இ.சி எண்ணை ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் இருந்து ஜூன் முடிவதற்குள், ஒன்றும் மாறவில்லை என்றாலும், அதே தளத்தில் புதுப்பித்தாக வேண்டும். விட்டுவிட்டால் எண் முடங்கிவிடும், சரக்கு கண்டெய்னரில் ஏறி நிற்கும்போதுதான் அது தெரியவரும்.