பர்ஸாத்: மழையா, மழைக்காலமா?

உருதுவில் பர்ஸாத் என்றால் மழைக்காலம். ஆஷாடத்தின் வெக்கை தணிந்து சாவன், பாதோன் மாதங்களில் வானம் கொட்டித் தீர்க்குமே, அந்தப் பருவம். ஏறக்குறைய ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை.

உருது என்றதும் பாரசீகத்திலும் அரபியிலும் வேர் தேடத் தோன்றும். தேவையில்லை. சமஸ்கிருதத்தில் 'வர்ஷாராத்ர' என்றிருந்தது, பிராகிருதத்தில் தேய்ந்து தேய்ந்து பர்ஸாத் ஆனது. வர்ஷம் மழை, ராத்ர இரவு. மழை இரவைச் சொன்ன சொல் பருவம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. முதலெழுத்து வகரம் பகரமானது அங்கே சாதாரணம். வசந்தம்கூட பஸந்த் ஆகியிருக்கிறது. அதே வர்ஷத்துக்கு ஆண்டு என்ற பொருளும் உண்டு. உருதுவில் அது 'பரஸ்'. நாம் நாள்தோறும் சொல்லும் வருஷமும் அதுதான்.

பாரசீகத்திலிருந்து வந்தது 'பாரிஷ்'. ஒலி ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். 'பாரிஷ் ஹோ ரஹீ ஹை' என்றால் இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பருவத்தைப் பொதுவாகக் குறிக்கும் 'மௌஸம்' அரபி, குறித்த காலம் என்பது அதன் பழைய பொருள். அரபு மாலுமிகளின் அந்தச் சொல்தான் போர்ச்சுகீசியர் வாய்வழியே ஐரோப்பாவுக்குப் போய் 'மான்சூன்' ஆனது.

டெல்லியில் 'பர்ஸாதி' என்றால் மொட்டைமாடி அறை. மழைக்கோட்டுக்கும் அதே பெயர்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? மழைக்காலம் என்றால் தவறில்லை. கஜல் மொழிபெயர்ப்பவர்கள் கார்காலம் என்று போட விரும்புகிறார்கள். அழகுதான், ஆனால் நம் இலக்கண மரபில் கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். பர்ஸாத்தின் முன்பாதி அதற்குள் அடங்காது. கருமேகத்தின் கருமை கார் என்ற சொல்லிலேயே இருக்கிறது. பர்ஸாத்தில் நிறம் இல்லை.

எனக்கு 'மாரி'தான் சரியாகப் படுகிறது. பர்ஸாத் வெறும் பருவப் பெயரல்ல. பேச்சில் மழையையும் குறிக்கும். 'பூலோங் கீ பர்ஸாத்' என்று பூவைப் பொழியவும் வைக்கும். அதை நாம் பூமாரி என்போம். மாரி மழையுமாகும், பருவமுமாகும். யாழ்ப்பாணத்தில் இன்றும் 'மாரி தொடங்கீட்டுது' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே அது ஐப்பசி, கார்த்திகை மழை; மாதம் வேறு என்பதை மட்டும் ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டால் போதும்.