முட்டை விலை பார்க்கப் போன விரல்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களின் செல்போனில் தினமும் வந்து விழும் செய்தி ஒன்று உண்டு: “பண்ணைக் கொள்முதல் விலை 5 காசு உயர்வு.” தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை. படித்ததும் வியாபாரியைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்ல இரண்டாவது வரியே வேண்டாம்.

எஸ்எம்எஸ்ஸின் எல்லை 160 எழுத்து. 2006-இல் வந்த ட்விட்டர், பயனர் பெயருக்கு 20 ஒதுக்கிவிட்டு 140 வைத்துக்கொண்டது. 2017-இல் அது 280 ஆனது. அதைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. அப்புறம் ஏனுங்க அந்தத் தளத்தைத் திறந்தால் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது?

வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளரின் குழு குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. ஒரு படம் தெரிந்தால் சாறு நிச்சயம் என்று குரங்கு பழகிய பின், படத்தைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது சலனமே இல்லை. 2003-இல் வெளியான சோதனைதான் நமக்கு முக்கியம். சாறு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்றிருந்தபோது, காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. வரும் என்பதோ வராது என்பதோ உறுதியாக இருந்தபோது அந்த ஏற்றம் இல்லை.

குரங்கின் சாறும் நம்ம செல்போனும் ஒன்றல்லதான். ஆனாலும் விரலால் தள்ளிப் பாருங்கள்: வால்பாறை மழைப் படம், அரசியல் வசவு, யார் வீட்டிலோ சுட்ட ஒப்புட்டு, மறுபடி வசவு, திடீரென்று ஈரோடு மஞ்சள் விலை. முழுக்கக் குப்பையாக இருந்தால் எப்போதோ மூடி வைத்திருப்போம். நடுவில் தட்டுப்படும் அந்த மஞ்சள் விலைதான் பிடித்து வைக்கிறது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் சோதித்த புறாக்களும் இப்படித்தான். எந்தக் கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபடி பழக்கப்பட்டவை, தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தன.

போதாக்குறைக்கு, பக்கம் முடிவதே இல்லை. முன்பெல்லாம் ‘அடுத்த பக்கம்’ என்று அழுத்த வேண்டியிருந்தது. போதுமா என்று யோசிக்க அங்கே ஓர் இடம் கிடைத்தது. முடிவில்லாமல் உருளும் திரை அதையும் எடுத்துவிட்டது.

என்னைக் கேட்டால், விலையோ மழையோ பேருந்தோ, கேள்வியோடு உள்ளே போகிறவருக்கு இந்தத் தளங்கள் லாபம்தான். பொழுது போகாமல் திறப்பவருக்கு நட்டம். நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் நேர வரிசையில் பார்க்கும் வசதியும் எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரில் இருக்கிறது. அதில், ஏற்கெனவே படித்த பதிவு வந்துவிட்டால் அதற்குக் கீழே புதுசு எதுவும் கிடையாது.