இடச்செட்டையா, வலச்செட்டையா?

தம்பலகாமத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வான்கோழி வளர்க்கிறார்கள். உதிர்கிற இறகுகளை ஒரு பையில் சேர்த்து வைத்துத் தருவார்கள். மூங்கில் அம்புக்குக் கட்ட அதைவிட நல்ல இறகு எனக்குக் கிடைத்ததில்லை. வாலிறகு வேண்டாம், நெஞ்சுத் தூவியும் வேண்டாம். செட்டையின் வெளிப்பக்கத்து நீள இறகுகள்தான் தேவை.

அம்புக்கு இறகு எதற்கு? பட்டத்துக்கு வால் எதற்கோ அதற்குத்தான். அம்பின் பாரம் முனைப்பக்கம் இருக்கிறது, இறகு பின்னால் இருக்கிறது. அம்பு சற்றுத் திரும்பினாலும் இறகின் பக்கவாட்டில் காற்று மோதி, வாலைப் பழைய கோட்டுக்கே தள்ளிவிடும். செட்டை இறகுக்கு இயற்கையாகவே ஒரு வளைவு உண்டு. மூன்று இறகும் ஒரே பக்கம் வளைந்திருந்தால் காற்று அம்பைச் சுழற்றும். அம்புத்தண்டில் இருக்கும் சிறு கோணல் சுழலச் சுழல எல்லாப் பக்கமும் பகிர்ந்துபோகும், அம்பும் ஒரு பக்கமாக இழுபடாது.

அதனால்தான் இடச்செட்டை இறகையும் வலச்செட்டை இறகையும் ஒரே அம்பில் கலக்கவே கூடாது. கண்டுபிடிப்பது சுகம். குவிந்த பக்கம் மேலே, நுனி உங்களுக்கு அப்பால் இருக்கும்படி பிடியுங்கள். அகலமான பாதி வலப்பக்கம் இருந்தால் அது வலச்செட்டை, இடப்பக்கம் இருந்தால் இடச்செட்டை. அம்புக்கு எடுப்பது அந்த அகலப் பாதியைத்தான்.

ஒரு இறகை நடுவில் பிய்த்துப் பாருங்கள். பிளவு தெரியும். விரலால் நுனிப்பக்கமாக நீவிவிட்டால் பிளவு மறைந்துவிடும். நடுத்தண்டிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து இன்னும் நுண்ணிய கிளைகள், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். பையின் சிப் மாதிரி அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நாணிலிருந்து புறப்படும்போது இறகு வில்லில் உரசினாலும் மடிந்து கொடுத்து மறுபடி நிமிரும். இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் தகடு அப்படி மடியாது, வில்லில் பட்டால் அம்பையே விலக்கிவிடும்.

இனி வேலை. புது சவர பிளேட்டால், இறகுத் தண்டின் கீழ்ப்பக்கப் பள்ளம் வழியே அடியிலிருந்து நுனிக்குப் பிளக்க வேண்டும். அவசரப்பட்டால் பிளேட் தண்டை விட்டு இறகுக்குள் இறங்கிவிடும். பிளந்த பாதியை இரண்டு அடிமட்டங்களுக்கு நடுவில் வைத்து, தண்டு மட்டும் நூலளவு வெளியே தெரியும்படி உடுப்புக் கிளிப்புகளால் இறுக்குங்கள். தரையோட்டில் விரித்த உப்புத்தாளில் அதைத் தேய்க்கத் தேய்க்க அடி தட்டையாகும். முறுக்கிக்கொண்ட இறகைக் கேத்தில் ஆவியில் காட்டி நேராகப் பிடித்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இறகில் உள்ள கெரட்டின் என்ற புரதம் இளகும், காய்ந்ததும் அந்த வடிவிலேயே இறுகும். நம் தலைமயிரும் அதே கெரட்டின்தான்.

நான்கு அல்லது ஐந்து அங்குல நீளத்துக்கு வெட்டி, பழுக்கக் காய்ச்சிய சைக்கிள் கம்பியால் ஓரத்தைப் பொசுக்கி வடிவமாக்கலாம். அப்போது வரும் நாற்றம் கெரட்டினில் உள்ள கந்தகத்தின் நாற்றம்.

என் முதல் ஆறு அம்புகளிலும் இறகு ஒரே நாளில் உரிந்து விழுந்தது. மூங்கிலின் மெழுகுத் தோலைச் சுரண்டாமல் ஒட்டியதுதான் பிழை. இப்போது தோலைச் சுரண்டி, இறகுத் தண்டின் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகுதான் பசை பூசுகிறேன். மூன்று இறகும் 120 பாகை இடைவெளியில். ஒன்று நாணுக்குக் குறுக்காக, வில்லுக்கு எதிர்ப்புறம் பார்த்து நிற்க வேண்டும். இறகுகளின் முன்நுனியை நூலால் சுற்றிக் கட்டாமல் விடாதீர்கள். அம்பு வில் பிடித்த கையை உரசிப் போகும்போது அந்தக் கூர்த்தண்டு தோலைக் கிழித்துவிடும்.

வைக்கோல் சாக்குக்கு மட்டும் எய்யுங்கள். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்கள் இருக்கும் திசைக்கு வில்லைத் திருப்பவே வேண்டாம்.

வாடைக்காலத்தில் நனைந்த இறகு அம்போடு ஒட்டிப் படுத்துவிடும், அதோடு எய்தால் அம்பு தள்ளாடும். காயவிட்டு, கேத்தில் ஆவியில் கொஞ்சம் காட்டி நீவிவிடுங்கள். கொக்கிகள் மறுபடி பற்றிக்கொள்ளும், இறகு எழுந்து நிற்கும்.