பக்கத்து ஆன்டெனாவின் குறுக்கீட்டை அளப்பது எப்படி?

7 மெகாஹெர்ட்ஸில் பேசும் ஹாம் வானொலிக்காரர்கள் (பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்பவர்கள்) பலர் செங்குத்து ஆன்டெனாக்களை ஜோடியாக நிறுத்துவார்கள். ஒவ்வொன்றும் சுமார் 10 மீட்டர் உயரம், அதாவது கால் அலைநீளம். இடைவெளியும் கால் அலைநீளம்தான். இரண்டுக்கும் சம மின்னோட்டம் கொடுத்து, ஒன்றில் மட்டும் 90 பாகை தாமதித்தால் அலை ஒரு பக்கம் வலுக்கும், எதிர்ப்பக்கம் அடங்கும்.

ஆன்டெனாவின் அடியிலிருந்து தரையில் விரிக்கும் தரைக் கம்பிகள் சரியாக இருந்து, உயரத்தையும் ஒத்ததிர்வுக்குத் திருத்தியிருந்தால், தனியாக அளக்கும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 36 ஓம் காட்டும். சேர்ந்து இயங்கும்போது கதையே வேறு. முந்துவதன் மின்தடை 21 ஓமாக இறங்கும். தாமதிப்பது 51 ஓமாக ஏறும். மின்னோட்டம் சமமாக இருந்தும், பின்னது இரண்டு மடங்குக்கு மேல் திறனை இழுத்துக்கொள்கிறது. வெறுமனே கேபிளை இரண்டாகப் பிரித்து இணைத்தால் இந்த ஜோடி சொன்னபடி கேட்காததற்கு இதுவே காரணம்.

ஒன்றில் ஓடும் மின்னோட்டம் மற்றதில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஒரு ஆம்பியருக்கு எத்தனை வோல்ட் என்பதே பரஸ்பர இம்பீடன்ஸ். இங்கே அது சுமார் 25 ஓம்: மின்தடைப் பகுதி 20, ரியாக்டன்ஸ் (மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கட்டம் விலகச் செய்யும் பகுதி) மைனஸ் 15.

இதை நேரடியாகத் தொட்டு அளக்க முடியாது. அளக்கும் வழியோ அழகானது. முதலில் பக்கத்து ஆன்டெனாவின் அடியைத் திறந்து விடுங்கள். கால் அலைநீளக் கம்பியில் அப்போது மின்னோட்டம் மிகக் குறைவு. அது அங்கே இல்லாததுபோலத்தான். முதல் ஆன்டெனாவில் இணைத்த இம்பீடன்ஸ் மீட்டர் 36 ஓம் காட்டும். அடுத்து அதன் அடியைத் தரைக் கம்பிகளோடு இணையுங்கள். இப்போது அளவு 31 ஓம் மின்தடை, பிளஸ் 17 ஓம் ரியாக்டன்ஸ் என்று நகரும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்து, அந்த வித்தியாசத்தை 36ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் பரஸ்பர இம்பீடன்ஸ் கிடைத்துவிடும். ரியாக்டன்ஸையும் சேர்த்து, சிக்கலெண்களாகவே கணக்கிட வேண்டும்.

வர்க்கமூலத்துக்கு விடை இரண்டு. இவ்வளவு நெருக்கமான இடைவெளியில் மின்தடைப் பகுதி நேர்மறையாகவே இருக்கும் என்பதால், மற்றதை ஒதுக்கலாம். ரியாக்டன்ஸின் குறியைக் காட்டாத பழைய மீட்டர்கள் இந்த வேலைக்கு உதவாது. நானோவிஎன்ஏ போன்ற கையடக்க அளவுக் கருவிகள் காட்டும்.

மின்தடையில் தெரியும் மாற்றம் வெறும் 5 ஓம்தான். இடையிலுள்ள கேபிளே அதைவிட அதிகமாக அளவைப் புரட்டிவிடும். எனவே மீட்டரை அளவுத்திருத்தம் செய்ய வேண்டிய இடம் கேபிளின் ஆன்டெனா முனை.