திறனாய்வு: சிறார் நூல்களை ஆய்ந்தெடுக்கும் சொல்

ஆங்கிலத்தில் கிரிட்டிசிசம் என்பதை வழக்கில் விமர்சனம் என்கிறோம். வடமொழியில் அதற்கு ஆராய்ந்து பார்த்தல் என்றே பொருள். இன்றோ ‘கடுமையாக விமர்சித்தார்’ என்று கேட்டுக் கேட்டு, குறை சொல்வது என்றே மனத்தில் பதிந்துவிட்டது. சிறார் நூல்களுக்கு அந்தச் சொல் போதாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தின் ‘கிரினெய்ன்’: பிரித்தெடுத்தல், தீர்மானித்தல். தமிழில் ‘ஆய்’ என்னும் வினை அப்படியே பொருந்துகிறது. கீரை ஆயும்போது பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் தள்ளி, நல்ல இலையை எடுத்து வைக்கிறோம். தள்ளலும் எடுத்தலும் ஒரே கைவேலை. அதனால் கிரிட்டிசிசத்துக்குத் திறனாய்வு என்பதே பொருத்தம்.

சிறார் நூல்களில் இது தள்ளலில்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் சாரா டிரிம்மர் 1802 முதல் 1806 வரை நடத்திய இதழ் அவற்றை முறையாக மதிப்பிட்டது. 14 வயதுக்கு உட்பட்டோர் குழந்தைகள், 21 வரை இளையோர் என்று வாசகரைப் பகுத்தவரும் அவரே. அவருடைய அளவுகோல் சமயமும் ஒழுக்கமும். தேவதைக் கதைகள் அதில் தேறவில்லை.

எடுத்தலுக்கு வலு சேர்த்தவர்கள் அமெரிக்க நூலகர்கள். ஹார்ட்ஃபோர்டில் கரோலின் ஹெவின்ஸ் 1882-ல் சிறாருக்கான நூற்பட்டியல் வெளியிட்டார். 1896-ல் புரூக்ளினின் பிராட் நிறுவன நூலகத்தில் சிறார் அறைக்கு ஆன் கரோல் மூர் பொறுப்பேற்றார். குழந்தை தானே கைநீட்டி எடுக்கும் அலமாரியில் எதை வைப்பது என்று நூலகர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்குக் காரணம் எழுதத் தொடங்கியதே இத்துறைக்கு அடித்தளம் என்பேன். மூர் 1918-ல் ‘புக்மேன்’ இதழில் சிறார் நூல்கள் பற்றித் தொடர்ந்து எழுதலானார். 1924-ல் பாஸ்டனில் பெர்த்தா மஹோனி தொடங்கிய ‘ஹார்ன் புக்’ முழுக்கச் சிறார் நூல்களுக்கே.

பட்டியல் குறிப்பு ஓரிரு வரி: பொருள், வயது. மதிப்புரை புது நூலை வாங்கலாமா என்று சொல்லும். திறனாய்வு, நூல் எப்படி வேலை செய்கிறது அல்லது எங்கே சறுக்குகிறது என்று காட்ட வேண்டும். கதைச்சுருக்கத்தோடு நீதியைச் சேர்த்து அந்தப் பெயர் சூட்டுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. படநூலில் ‘கதவுக்குப் பின்னால் யார்?’ என்ற வரி இடப்பக்கத்திலும், ஒளிந்திருப்பவரின் படம் எதிரே வலப்பக்கத்திலும் இருந்தால், வரியை வாசித்து முடிக்குமுன் குழந்தை விடையைப் பார்த்துவிடும். படம் அடுத்த பக்கத்தில் வந்திருந்தால், தாளைப் புரட்ட அந்தக் கை தானாகவே நீண்டிருக்கும்.