புண்பட்ட குடலும் எல்லை மீறும் மருந்தும்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க அவர் நாள்தோறும் டாக்ரோலிமஸ் சாப்பிட்டாக வேண்டும். மருந்தும் சேர்ந்து வெளியேறிவிடும், இரத்தத்தில் அதன் அளவு குறைந்திருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். பரிசோதித்துப் பார்த்தால் பல நேரங்களில் அளவு ஏறியிருக்கிறது, சிலருக்கு அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கும் அளவுக்கு.

காரணம் குடற்சுவரில் இருக்கிறது. சிறுகுடலின் உட்பரப்பில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேற்பகுதிச் செல்கள், உணவை உறிஞ்சுவதோடு காவல் வேலையும் பார்க்கின்றன. அவற்றில் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி பல மருந்துகளை அங்கேயே சிதைத்துவிடுகிறது. பி-கிளைகோபுரதம் என்ற புரதமோ, செல்லுக்குள் நுழைந்த மருந்தைப் பிடித்து மறுபடியும் குடலுக்குள் தள்ளுகிறது. விழுங்கிய டாக்ரோலிமஸில் சராசரியாகக் கால் பங்குதான் இரத்தத்தை எட்டும். இந்த இழப்பையும் சேர்த்துத்தான் டோஸ் வகுக்கப்பட்டிருக்கிறது. வயிற்றுப்போக்கோடு வரும் குடல் அழற்சியில் இந்தச் செல்கள் உதிர்ந்துவிட்டால் காவல் தளர்ந்து, அதே மாத்திரை அளவு மீறிய மாத்திரை ஆகிவிடுகிறது.

சீலியாக் நோயிலும் இதைக் காணலாம். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இந்த நோயாளிகளின் குடலுறிஞ்சிகளைத் தேய்த்துவிடும்போது சிஒய்பி3ஏ4 குறைகிறது. குளூட்டனை விலக்கினால் நொதி மீள்கிறது. ஆனால் அதே நோயாளி தைராய்டுக்கு லெவோதைராக்ஸின் சாப்பிடுபவராக இருந்தால் கதை தலைகீழ். அந்த மருந்துக்கு உறிஞ்சும் பரப்புதான் முக்கியம். பரப்பு சுருங்கினால் மருந்து போதாமல் டோஸைக் கூட்ட வேண்டிவரும். ஆகவே 'குடல் கெட்டால் மருந்து பிடிக்காது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஆபத்தானது.

பாதிப்பு குடலோடும் நிற்பதில்லை. குரோன் நோய் போன்ற நீடித்த குடல் அழற்சிகளில் சுரக்கும் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம் இரத்தம் வழியே கல்லீரலை அடைந்து, அங்கும் இதே நொதியின் உற்பத்தியைக் குறைக்கிறது.

டாக்ரோலிமஸ் சாப்பிடுபவருக்கு இன்னொரு கண்டமும் உண்டு. குடற்சுவரின் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் புதுப்பிக்கப்படுபவை. வயிற்றுப்போக்கு நின்றதும் காவலும் திரும்பிவிடும். இடையில் குறைத்த டோஸ் அப்போது போதாமல் போய், உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கலாம். அதனால்தான் வயிறு சரியான பிறகும் மருத்துவர்கள் இரத்தத்தில் மருந்தின் அளவை மீண்டும் பார்க்கிறார்கள்.